படகில் ஏற்றும் லாரி எஞ்சினுக்கு டீசல் லைன் அமைப்பது எப்படி

லாரியில் ஓடிய ஆறு சிலிண்டர் எஞ்சினை வாங்கி, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, கடல் தண்ணீரால் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போ சேர்த்து, சிலிண்டருக்கு டீசலை அளந்து தள்ளுகிற டீசல் பம்பையும் கூட்டி வைத்துப் படகில் இறக்குவது கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் துறைமுகங்களில் இந்த வேலைதான் நடக்கும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். அதற்குள் எஞ்சின் இறங்கியாக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற பைப்.

நான் குளச்சலில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பழைய எஞ்சினுக்குப் போட்டிருந்த பைப்பையே புதியதிலும் மாட்டச் சொல்கிறார்கள். தூத்தூர் பக்கத்து ஓனர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, எஞ்சினும் பம்பும் மாத்தியாச்சுல்லா. பைப்பு நல்லாத்தானே கெடக்கு, அது போதும்லா?" நான் சொன்னேன்: "மக்கா, எஞ்சினுக்குப் பசி கூடியாச்சு. வாய் மட்டும் பழைய வாயாவே இருந்தா எப்படி?"

பைப் போதவில்லை என்பது ஜெட்டியில் ஐடிலில் ஓடும்போது தெரியாது. லோடு ஏறும்போது ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்கும், வேகம் கிடைக்காது, கடைசியில் நின்றுவிடும். நல்ல கடலில் நின்றால் படகை ஒழுக்கில் (நீரோட்டத்தில்) விட்டுவிட்டு நிதானமாகச் சரிசெய்யலாம். மேற்குக் காற்று அடிக்கிற நாளில் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்குள் நுழையும்போது நின்றால் ஸ்பேனரை எடுக்கவே நேரம் இருக்காது. ஆகவே டீசல் லைனை டேங்கிலிருந்து தொடங்கிப் புதிதாக அமையுங்கள். பம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

முதலில் கணக்கு

எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று தெரியாமல் பைப் வாங்கக் கிளம்ப வேண்டாம். சிலிண்டருக்குள் நேரடியாக நாசில் (தெளிக்கும் முனை) வழியே தெளிக்கிற நல்ல டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 220 கிராம் டீசல் எரிக்கும். டீசல் ஒரு லிட்டர் சுமார் 830 கிராம். 110 எச்.பி. எஞ்சின் என்றால் 81 கிலோவாட். முழு லோடில் மணிக்கு சுமார் 22 லிட்டர். அதையே டர்போ வைத்து 160 எச்.பி.க்கு ஏற்றினால் 118 கிலோவாட், மணிக்கு 31 லிட்டர்.

ஆனால் பைப்பில் ஓடுவது எரிகிற டீசல் மட்டும் கிடையாது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்குக் கொடுக்கிற ஃபீட் பம்ப் எப்போதும் தேவைக்கு மேல்தான் தள்ளும். மிச்சம் டீசல் பம்பைக் குளிர்வித்து, உள்ளே இருக்கிற காற்றையும் அள்ளிக்கொண்டு, ரிட்டன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். எரிவதைப் போல மூன்று மடங்கு ஓடும் என்று வைத்துப் பைப் போடுவது என் வழக்கம். மேலே சொன்ன 160 எச்.பி. எஞ்சினுக்கு அது மணிக்கு 93 லிட்டர் வரும், 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பைப்பின் உள்விட்டம் பேசுகிறது. உள்விட்டம் 8 மி.மீ. பைப்பை எடுத்துவிட்டு 12 மி.மீ. போட்டால், அதே அளவு டீசலை இழுக்க ஏற்படும் தடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். நாலு மி.மீ. வித்தியாசம்தானே என்று நினைக்கக் கூடாது. 160 எச்.பி. வரைக்கும் இழுக்கும் பக்கத்துக்கு 12 மி.மீ. உள்விட்டம், ரிட்டனுக்கு 10 மி.மீ. என்று போடுங்கள். கடையில் வெளிவிட்டம் சொல்லித் தருவார்கள். உள்ளே அளந்து வாங்குங்கள்.

இன்னொரு கணக்கு, டேங்க் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. ஒரு மீட்டர் உயரத்துக்கு டீசலைத் தூக்க சுமார் 0.08 பார் வேண்டும். உறிஞ்சும் இழுப்பை அளக்கிற வேக்கம் கேஜில் பார்த்தால் அது இரண்டரை அங்குலம் பாதரசம் காட்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடிய எஞ்சின், கால் டேங்க் ஆனதும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பது) முடிந்து திரும்பி வரும்போதுதான் டேங்க் காலியாக இருக்கும், முகத்துவாரமும் அப்போதுதான் வரும். அதனால் டேங்கின் அடிமட்டத்திலிருந்துதான் உயரத்தை அளக்க வேண்டும்.

டேங்க்

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு வேண்டவே வேண்டாம், ஜி.ஐ. பைப்பும் வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு கசடை உண்டாக்கும். அது ஃபில்டரில் நின்றால் பரவாயில்லை, கரைந்து போய் நாசில் நுனியில் ஒட்டும். சாதாரண எம்.எஸ். (பூச்சு இல்லாத மென் எஃகு) தகடு 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. போதும், வெளியே நல்ல எபாக்ஸி பெயின்ட், உள்ளே ஒன்றும் அடிக்கக் கூடாது. உள்ளே அடித்த பெயின்ட் சில வருடத்தில் செதில் செதிலாக உரிந்து பைப்புக்குள் வரும். காசு இருந்தால் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். 304 போட்டால் உப்புக் காற்றில் வெல்டிங் ஓரங்களில் ஊசித் துளை விழும்.

உள்ளே தடுப்புத் தகடுகள் இரண்டரை அடிக்கு ஒன்று இருக்கட்டும். அவற்றின் கீழ் மூலைகளையும் மேல் மூலைகளையும் வெட்டிவிட வேண்டும். கீழே டீசலும் தண்ணீரும், மேலே காற்றும் ஓட வழி வேண்டும். படகு உருளும்போது தடுப்பு இல்லாத டேங்கில் டீசல் ஒரு பக்கமாக ஏறிவிடும், உறிஞ்சுகிற பைப்பின் வாய் காற்றில் நிற்கும். ஒரே ஒரு மிடறு காற்று போதும் எஞ்சின் இருமுவதற்கு.

டேங்கின் அடி பின்பக்கமாகச் சரிந்து, கடைசியில் ஒரு சிறு குழியில் முடியட்டும். குழியின் அடியில் டிரெய்ன் காக் (வடித்துவிடும் குழாய்). உறிஞ்சும் பைப்பின் வாய் அடியிலிருந்து ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் மேலே நிற்க வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அது குழியில் போய் இறங்கும். ராத்திரி குளிரும்போது டேங்கின் காலி இடத்தில் இருக்கிற ஈரக் காற்று வியர்த்துத் தண்ணீராகும். நம் கடற்கரையில் இது தவிர்க்க முடியாதது. தண்ணீர் தேங்கிக் கிடந்தால் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமி வளர்ந்து, கருப்பாக, வழவழவென்று ஒரு பாசி மாதிரி படரும். ஃபில்டரைக் கழற்றினால் கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். அது வந்துவிட்டால் டேங்கைத் திறந்து கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. வராமல் பார்க்க வழி, தினமும் காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன் டிரெய்ன் காக்கைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பது. தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். பிடித்ததைக் கடலில் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்து வையுங்கள்.

டேங்குக்கு மூச்சுக் குழாய் வேண்டும். டெக்குக்கு மேலே வந்து, நன்றாக வளைந்து, வாய் கீழ்நோக்கி, வலை கட்டியிருக்க வேண்டும். உப்பும் பெயின்ட்டும் சேர்ந்து இந்த வலை அடைபடுவது அடிக்கடி நடக்கிறது. அடைத்துக்கொண்டால் டீசல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடம் கூடி, எஞ்சின் டீசல் கிடைக்காமல் தவிக்கும். எஞ்சின் தடுமாறும்போது முதலில் டேங்கின் மூடியைத் திருகிப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, எஞ்சினும் உடனே தேறினால் கோளாறு மூச்சுக் குழாயில்தான். பம்பைத் தொட வேண்டாம்.

வெல்டிங் முடிந்த டேங்கைப் படகில் ஏற்றுமுன் 0.2 பார் காற்று ஏற்றி, எல்லா வெல்டிங்கிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் காற்று ஏற்றினால் தகடு உப்பிவிடும். பழைய டேங்கில் வெல்டிங் வைக்கிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: கழுவி, நீராவி காட்டி, உள்ளே வாடை சுத்தமாகப் போனதை உறுதி செய்யாமல் தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்று நினைக்கிறார்கள். நம் நாட்டு டீசலுக்குத் தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான் தர அளவு. மதிய வெயிலில் டேங்குக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும்.

இழுக்கும் பக்கம்

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிற பைப்பை இழுக்கும் பக்கம் என்போம். கோளாறு ஒளிந்துகொள்கிற இடம் இது. ஃபீட் பம்புக்குப் பிறகு லீக் இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும், துடைத்தால் மறுபடியும் நனையும். இழுக்கும் பக்கத்தில் லீக் இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பைப் காய்ந்து, சுத்தமாக, புதிது மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்து பம்பைக் கழற்றி நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், கேலிபிரேஷன் பண்ணித் திரும்பி மாட்டி, அதே கோளாறோடு நிற்பவர்கள் எத்தனை பேர்.

ஆகவே இந்தப் பக்கத்தில் இணைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டேங்கிலிருந்து பிரைமரி ஃபில்டர் வரை ஒரே பைப், நடுவில் ஒட்டுப் போடாமல். எல்போ வேண்டாம், பைப்பையே பெரிய வளைவாக வளைத்துக் கொடுங்கள். மேலே ஏறி மறுபடி இறங்குகிற மேடு பைப்பில் எங்கும் வரக் கூடாது, அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப், உள்ளே ரப்பர் வைத்து. எஞ்சின் அறையில் அதிர்வு நிற்காது. கிளாம்ப் இல்லாத பைப் எங்காவது உரசி உரசி ஓட்டையாகும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது தண்ணீர்க் குழாய் வேலை. டீசல் லைனில் சுற்றினால் அதன் நூல் பிய்ந்து ஃபீட் பம்ப் வால்வில் போய் மாட்டும், வால்வு சரியாக மூடாது. பாஞ்சோ போல்ட் (உள்ளே துளை போட்டு, அதன் வழியே டீசல் ஓடுகிற போல்ட்), காப்பர் வாஷர் இணைப்புதான் சரி. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் புது வாஷர் போடுங்கள். கையில் புதிது இல்லையென்றால் பழையதைக் கம்பியில் மாட்டி, தீயில் காட்டி, செக்கச் சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இறுகிப்போன செம்பு அப்போது மறுபடி இளகும். அப்புறம் நைஸ் எமரி பேப்பரைக் கண்ணாடி மேல் விரித்து, வாஷரின் இரண்டு முகத்தையும் வட்டமாகத் தேய்த்து, கீறல் மறைந்து ஒரே மாதிரி பளபளப்பு வந்த பிறகு மாட்டுங்கள். இவ்வளவு செய்தால் போல்ட்டை முறுக்கி உடைக்கிற அளவுக்கு இறுக்க வேண்டிய அவசியமே வராது.

எஞ்சினோடு சேருகிற கடைசி இரண்டடிக்கு மட்டும் ரப்பர் ஹோஸ். டீசல் தாங்குகிற நைட்ரைல் ஹோஸ், தீ தாங்குகிற மேலுறை கொண்டது கேட்டு வாங்குங்கள், ஐ.எஸ்.ஓ. 7840 என்று மேலே அச்சடித்திருக்கும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி. வெள்ளை டியூப் என்று விற்கிற பி.வி.சி. குழாயைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். எஞ்சின் சூட்டில் அது சில மாதத்தில் மஞ்சளாகி, விறைத்து, கிளிப் கடிக்கிற இடத்தில் வெடிக்கும்.

டேங்க் வாயிலேயே ஒரு அடைப்பு வால்வு கட்டாயம். அதை டெக்கிலிருந்தோ வீல் ஹவுசிலிருந்தோ இழுத்து மூட ஒரு கம்பி கொடுங்கள். எஞ்சின் அறையில் தீ என்றால் உள்ளே இறங்கி வால்வைத் தேட முடியாது.

ஃபில்டர்

இழுக்கும் பக்கத்தில் தண்ணீரைப் பிரிக்கிற பிரைமரி ஃபில்டர், 30 மைக்ரான். தள்ளும் பக்கத்தில், ஃபீட் பம்புக்கும் டீசல் பம்புக்கும் நடுவே, சன்னமான ஃபில்டர். இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாகத் தள்ளும் உறுப்புகள் வரிசையாக நிற்கிற டீசல் பம்ப்) என்றால் 5 முதல் 10 மைக்ரான். சன்னமான ஃபில்டரை இழுக்கும் பக்கத்தில் வைத்தால் டீசல் சுத்தமாக வரும், ஆனால் போதுமான அளவு வராது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிரைமரி ஃபில்டர் ஒன்றுக்கு இரண்டாக, நடுவில் திருப்புகிற வால்வோடு வையுங்கள். ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் கொச்சியிலும் மங்களூரிலும் இன்னும் வடக்கேயும் டீசல் பிடிக்கின்றன. எந்த ஊர் பேரலில் என்ன கசடு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று அடைத்தால் அந்த வால்வை மற்றதற்குத் திருப்பிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைத்ததை மாற்றலாம். செலவு கொஞ்சம் கூடும்தான். நான் இதில் மட்டும் ஓனரோடு விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

ஃபில்டரின் அடிக் கிண்ணம் பிளாஸ்டிக்காக இருந்தால் டர்போவிடமிருந்தும் எக்ஸாஸ்டிடமிருந்தும் தள்ளி வையுங்கள், கீழே ஒரு தகட்டுத் தடுப்பும் கொடுங்கள். உலோகக் கிண்ணம் கிடைத்தால் அதுவே நல்லது.

பிரைமரி ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே ஒரு வேக்கம் கேஜ் மாட்டுங்கள். சின்ன டயல் போதும். புது ஃபில்டரோடு, முழு லோடில் அது எத்தனை அங்குலம் காட்டுகிறது என்று பார்த்துப் பக்கத்திலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். நாலு அங்குலத்துக்குள் இருந்தால் பைப் வேலை நன்றாக அமைந்திருக்கிறது. நாளாக ஆக முள் ஏறும். எட்டைத் தொடும்போது ஃபில்டரை மாற்றலாம். எஞ்சின் புத்தகத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. முள் குறைவாகக் காட்டியும் எஞ்சின் திணறினால் ஃபில்டர் அடைக்கவில்லை, காற்று இழுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஃபீட் பம்ப், ரிட்டன்

இன்லைன் பம்பின் வயிற்றில் எப்போதும் ஒரு பார் அழுத்தமாவது நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது ரிட்டன் வாயிலில் இருக்கிற ஓவர்ஃப்ளோ வால்வு. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு குண்டு, அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் முழுவதும் சுலபமாக ரிட்டனில் ஓடிவிடும், பிளஞ்சருக்கு (டீசலைத் தள்ளுகிற சிறு தண்டுக்கு) மேல் டீசல் நிறையாது. அதைத் தெரியாமல் அந்த வால்வை எடுத்துவிட்டு சாதாரண பாஞ்சோ போல்ட்டைப் போட்டிருக்கும் எஞ்சின்களை நிறையப் பார்க்கலாம். வெளியே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பம்பின் வாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, முழு லோடில் பாருங்கள். ஐடிலில் ஒன்றரை காட்டி லோடில் அரைக்கு இறங்கினால் ஃபில்டர், ஃபீட் பம்ப், இந்த வால்வு என்று வரிசையாகப் பாருங்கள்.

ரோட்டரி பம்ப் (ஒரே சுழலும் தலை எல்லா சிலிண்டருக்கும் டீசல் தருகிற வகை) வைத்த எஞ்சின் என்றால் கணக்கு வேறு. அதற்குள்ளேயே ஒரு வேன் பம்ப் இருக்கிறது, வெளியிலிருந்து மெதுவாகக் கொடுத்தால் போதும். கூடுதல் எலக்ட்ரிக் பம்ப் வைத்து அழுத்தினால் முன் ஷாஃப்ட் சீல் வழியாக டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும்.

ரிட்டன் லைனை இழுக்கும் பைப்பின் வாய்க்குப் பக்கத்தில் விடக் கூடாது. டேங்கின் மறு கோடியில் விடுங்கள். திரும்பி வருகிற டீசல் சூடாகவும் நுரையாகவும் இருக்கும். நடுவில் ஒரு தடுப்புத் தகடாவது இருந்தால் ஆறி, நுரை அடங்கி வரும். டீசல் 10 டிகிரி சூடானால் சுமார் 0.8 சதவீதம் விரியும். அதே பிளஞ்சர் அதே அளவு தள்ளினாலும் எடையில் குறைவாகப் போகும், இழுவை குறையும்.

இரண்டு டேங்க் இருக்கிற படகில் எந்த டேங்கிலிருந்து இழுக்கிறதோ அதே டேங்குக்கு ரிட்டன் போகும்படி இழுக்கும் வால்வு, ரிட்டன் வால்வு இரண்டையும் ஒரே கைப்பிடியில் இணைத்துவிடுங்கள். இடது டேங்கில் இழுத்து வலது டேங்கில் திருப்பினால் இடது காலியாகும், வலது மூச்சுக் குழாய் வழியாக வழியும், படகும் ஒரு பக்கம் சாயும்.

பம்பும் நாசிலும்

இது பம்பை மாட்டி ஓட்டி அளக்கிற டெஸ்ட் பெஞ்சில் செய்ய வேண்டிய வேலை. உங்கள் வேலை, பெஞ்சில் இருப்பவரிடம் சரியான எண்ணைக் கொடுப்பது. "கொஞ்சம் கூட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கணக்கு சுலபம். 160 எச்.பி., 1800 ஆர்.பி.எம்., ஆறு சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தெளிப்பு. ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 900, மணிக்கு 54,000. மணிக்கு 31 லிட்டரை ஆறால் வகுத்து, 54,000-ஆல் வகுத்தால், 1000 ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 96 மி.லி. பழைய 110 எச்.பி.யில் அது 68 மி.லி.தான். அந்த 96-ஐ எழுதிக் கொடுங்கள். ஆறு லைனிலும் அளவு ஒன்றுக்கொன்று மூன்று மி.லி.க்குள் இருக்கிறதா என்று பெஞ்சிலேயே கண்ணாடிக் குழாயைப் பார்த்து வாருங்கள். நாசில் திறக்கும் அழுத்தமும் ஆறுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நாசில் பைப் ஆறும் ஒரே நீளம், ஒரே உள்விட்டம். இடிக்கிறது என்று ஒன்றை மட்டும் வெட்டிச் சிறிதாக்கக் கூடாது.

டர்போ காற்று தருகிற அளவுக்கு மேல் டீசல் கூட்டினால் கரும்புகை வரும். அது எரியாத டீசல், உங்கள் பணம். அதைவிட மோசம் சூடு. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் வெப்பமானி வைத்து, தொடர்ந்து ஓடும்போது 650 டிகிரியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். லாரி மேடு ஏறி இறங்கினால் எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும். படகு எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே லோடில் ஓடும். மீன்வளத்துறைப் பதிவில் இருக்கிற எச்.பி.க்கு மேலே போவதும் கூடாது.

வள்ளத்துக்கு வாங்கிய மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று டீசலில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பிளஞ்சருக்கும் நாசிலுக்கும் டீசல்தான் எண்ணெய். வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பம்ப் தேய்ந்துபோகும்.

எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் எஞ்சினை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அழுத்தம் 1600 பாருக்கு மேல். ஃபில்டர் 2 முதல் 5 மைக்ரான் வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது, ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. கடலில் கையால் சரிசெய்யக்கூடிய எஞ்சின் வேண்டுமென்றால் பழைய இன்லைன் பம்ப் எஞ்சினையே நான் சொல்வேன்.

ஏர் எடுப்பது

எல்லாம் மாட்டியாயிற்று, இனி லைனுக்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர்களில் வடிகட்டிய டீசலை நிரப்பி மூடுங்கள். டேங்க் வால்வைத் திறந்து, பிரைமரி ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றுகிற சிறு பம்பை) அடியுங்கள். முதலில் வெறும் காற்று, அப்புறம் வெள்ளை நுரை, அப்புறம் குமிழிகள், கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல். தெளிந்து வந்தபிறகும் ஒரு பத்து அடி அடித்துவிட்டு, அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அதே மாதிரி சன்னமான ஃபில்டரில், பிறகு பம்பின் வயிற்றில். டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கித்தான் போக வேண்டும். கடைசியாக, நாசில் பக்கத்து நட்டுகளில் இரண்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டர் கொடுங்கள். டீசல் துடித்து வந்ததும் இறுக்கிவிட்டு அடுத்த இரண்டு.

தெளிப்புக்கு எதிரே கையை ஒருபோதும் நீட்டாதீர்கள். நாசில் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் ரிட்டன் லைனில் ஒரு அடி வெள்ளை டியூபைத் தற்காலிகமாக மாட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் சில நிமிடம் குமிழி வரும், பிறகு நிற்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் சன்னக் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் இழுக்கும் பக்கத்தில் லீக் இருக்கிறது. டியூபை ஃபீட் பம்ப் வாயில் மாற்றி மாட்டுங்கள், பிறகு ஃபில்டருக்கு முன்னால், பிறகு டேங்க் வாயில். குமிழி எந்த இடத்தில் மறைகிறதோ, அதற்கும் முன்பு பார்த்த இடத்துக்கும் நடுவில்தான் லீக். பின்னர் படகை ஜெட்டியில் நன்றாகக் கட்டி, கியர் போட்டு லோடு ஏற்றி, இரண்டு கேஜையும் எக்ஸாஸ்ட் சூட்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுகள் டேங்க் கால்வாசியாக இருக்கும்போதும் கிடைத்தால் கடலுக்கு விடலாம்.

போகும்போது ஃபில்டர் இரண்டு செட், காப்பர் வாஷர் எல்லா அளவிலும், ஹோஸ் இரண்டு மீட்டர், கிளிப், ஃபீட் பம்புக்கு வால்வும் ஸ்பிரிங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இதோடு சுத்தமான டீசல் நிறைத்த 20 லிட்டர் கேன் ஒன்றும், ஒரு முனையில் ஃபீட் பம்புக்குப் பொருந்துகிற பாஞ்சோ மாட்டிய ஹோஸ் ஒன்றும் எஞ்சின் அறையில் கட்டி வையுங்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் டேங்க் லைன் அடைத்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய ஹோஸைக் கழற்றி, கேன் ஹோஸை மாட்டி, பிரைமர் அடித்து ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணலாம். ரிட்டன் டேங்குக்கே போகும்படி விட்டால் கேன் முழு வேகத்தில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. ரிட்டனையும் கேனுக்குள் திருப்பிவிட்டு நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த பாஞ்சோ போல்ட்டுக்குச் சேருகிற ஸ்பேனரையும் கேன் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள், அதை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று படகில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.